கடைவாய்ப் பல்



கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் ஒன்றோடு நாம் நான்கு மாதங்கள் போராடினோம். கிராம்பு வைத்தோம், உப்பு நீரால் கொப்பளித்தோம், வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பதாகவும் சொல்லிக்கொண்டோம். கன்னம் வீங்கவே, உபதேசியார் நம்மைக் கே.ஜி. கண்டிகையிலிருந்து திருத்தணிக்குப் பேருந்தேற்றி அழைத்துச் சென்றார்.

சர்க்கரை நோய் உண்டா, இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்கிறீரா என மருத்துவர் முதலில் வினவினார். வீக்கம் வடிய மருந்து தந்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். அன்று ஈற்றில் ஊசி போட்டார், உதடு மரத்தது. பல்லை அசைப்பதை உணர்ந்தோம்; நோவை உணரவில்லை. கால்மணி நேரத்தில் பல் தட்டில் கிடந்தது. இதற்காகவா நான்கு மாதம்! 1846-இல் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் மயக்கத்தைப் பலரறியச் செய்து காட்டுமுன், மக்கள் இதனை விழித்திருந்தே தாங்கினர். நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

பல்வலிக்காரரின் பாதுகாவலி புனித அப்பொலோனியா. திருநாள் பிப்ரவரி 9. படங்களில் அவர் கையில் குறடு இருக்கும். ஆனால் அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியுசின் கடிதத்தில் குறடு இல்லை. யூசேபியுஸ் தம் திருச்சபை வரலாற்றில் காத்துவைத்த கடிதம் அது. ஏறத்தாழ 249-ஆம் ஆண்டில், கலகக் கும்பலொன்று அந்த முதிய கன்னிகையின் தாடையில் அறைந்து பற்களையெல்லாம் உதிர்த்தது என்றே அதில் காண்கிறோம். பின்னர் நெருப்பை மூட்டி, விசுவாசத்தைப் பழித்துரைக்கச் சொல்லி மிரட்டினர், அவர் பணியவில்லை. அவர் பட்டது விசுவாசத்திற்காக. நாம் பட்டதோ மருத்துவரின் நாற்காலிக்கு அஞ்சியதால். அச்சத்திற்கு ஒப்புக்கொடுத்தல் என்று பெயரிட்டோமே என வெட்கினோம்.

வெட்கத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. கன்னத்தைப் பிடித்தபடி வந்த நம் பங்குத் தாயார் ஒருவரை, “பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா, ஒப்புக்கொடுங்கள்” என்று முந்திய மாதம் அனுப்பியிருந்தோம். சொத்தைப் பல்லின் சீழ் தாடைக்கடியில் பரவினால் மூச்சையே அடைக்கக்கூடும் என்று மருத்துவர் கூறியபோது, அவர் முகமே கண்முன் நின்றது.

அரைமணி நேரம் பஞ்சை அழுந்தக் கடிக்க வேண்டும். அன்று முழுதும் கொப்பளிக்கலாகாது, துப்பலாகாது. குழியில் உறைந்த இரத்தமே புண்ணுக்கு மூடி என்றார் மருத்துவர். ஊர் திரும்பியதும் நேரே அத்தாயாரின் வீட்டிற்குச் சென்றோம். மரத்த நாவால் பேச்சு வரவில்லை. நம் கன்னத்தைத் தொட்டுக் காட்டித் திருத்தணிப் பக்கம் கையை நீட்டினோம். அவர் சிரித்துவிட்டார்.

“எத்தனை மணி பஸ்ஸுக்குப் போகணும் சாமி?” என்றார்.