நகலுக்குத் தேதி வேண்டாமா?

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். மூலத்தில் 1962 என்றிருந்தால் நகலிலும் 1962தான். நகலெடுத்த தேதி கீழே தனியாக வரும். மாற்றி எழுதினால் மறுநாளே மெமோ. லினக்ஸ் உலகத்துக் கெட்டிக்காரர்களுக்கு இது இன்னும் உறைக்கவில்லை.

போன வருஷம் பழைய விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து லினக்ஸ் கணினிக்கு எல்லாவற்றையும் ‘எஸ்சிபி’ கட்டளையால் மாற்றினேன். பென் டிரைவ் வேண்டாம், ஒரே வரி. பிறகு லேப்டாப்பைத் துடைத்துப் பேரனிடம் கொடுத்துவிட்டேன். என் மனைவி பாடிப் பதிந்த 43 பாட்டுகளும் அதில் இருந்தன. எல்லாம் ஒழுங்காக வந்தன, தேதியைத் தவிர. 43க்கும் நான் நகலெடுத்த நாளே தேதி. கோப்பின் பெயரிலோ பாட்டின் முதல் வார்த்தை மட்டும். அவள் கடைசியாகப் பாடியது எது? இனி யாராலும் சொல்ல முடியாது.

கட்டளையில் ஹைபன் போட்டு ஒரு சின்ன ‘பி’ சேர்த்திருந்தால் தேதி தப்பியிருக்கும். (பெரிய ‘பி’ அல்ல, அது போர்ட் எண்ணுக்கு. இந்தக் கூத்து வேறு!) “கையேட்டில் இருக்கிறதே சார்” என்கிறார்கள். நகல் என்பது புதுக் கோப்பாம், அதனால் புதுத் தேதியாம். விண்டோஸின் பழைய ‘காப்பி’ கட்டளைகூடக் கேட்காமலே, கடைசியாகத் திருத்திய தேதியைக் காப்பாற்றுகிறதே! ‘ஆர்சிங்க்’கிலும் ‘டி’யோ ‘ஏ’யோ போடாவிட்டால் தேதி போச்சு. தேதி வேண்டாதவன் அல்லவா கூடுதலாக ஓர் எழுத்து அடிக்க வேண்டும்?

மானிட்டர் ஓரத்தில் இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: சின்ன ‘பி’. பழைய கணினியைத் துடைக்கப்போகிறவர்கள் முதலில் தேதிகளைப் பார்த்துவிடுங்கள்.