அண்ணாக்காக எழுதின செக்

எங்கட பட்ச் தோழி ஒருத்தி ரீசேட் அச்சடிச்சு விக்கிறதுக்காக நடைமுறைக் கணக்கொன்று திறந்திருந்தாள். அதில இருந்தது மூவாயிரத்துச் சொச்சம் ரூபா. அவள் எழுதிக் குடுத்த காசோலையில இருந்தது 280,000. மாபிள் கடைக்காரருக்கு. வீடு கட்டினது அவளில்லை, பெரியம்மாவின்ர மகன். "என்ர செக் புத்தகம் முடிஞ்சுது, நீ சும்மா ஒரு கையெழுத்து வை, திகதிக்கு முதல் காசு போட்டுவிடுறன்" எண்டு கேட்டிருக்கிறார். திகதி வந்தது, காசு வரேல்ல, செக் திரும்பிச்சுது. பொலிஸில இருந்து அழைப்பு வந்தது அண்ணாவுக்கில்லை.

முதலில நாங்கள் கடைக்காரரைத்தான் திட்டினோம். மாபிள் ஆருக்குப் போனது எண்டு அவருக்குத் தெரியும்தானே? சட்டம் படிக்கிற நண்பர்களிட்டக் கேட்டு வாசிச்ச பிறகு அந்தக் கோபம் இடம் மாறியது. எங்கள் மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம் 1927ஆம் ஆண்டினது. தனக்கு ஒரு சதமும் கிடைக்காமல், இன்னொருவருக்காகத் தன் பெயரை இரவல் கொடுத்துக் கையெழுத்திட்டவரும், பெறுமதி கொடுத்து அந்தக் காசோலையை வைத்திருப்பவருக்குப் பொறுப்பாளிதான். இரவல் பெயர் என்பது கடைக்காரருக்கு முன்பே தெரிந்திருந்தாலும் அது மாறாது. கையெழுத்து வைக்காத அண்ணாவை அந்தச் செக்கை வைத்துப் பிடிக்க ஏலாது. மாபிள் விலைக்கு வேறாக வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

(சங்கப் பொருளாளர்மார் கவனிக்க: சங்கத்தின் கணக்கில் சங்கத்துக்காகக் கையெழுத்திடுவது வேறு. ட்ரிப் பஸ்ஸுக்கு அட்வான்ஸ் எண்டு சொந்தச் செக் குடுத்துப்போட்டு, கீழ 'பொருளாளர்' எண்டு எழுதினால் மட்டும் தப்ப ஏலாது.)

ஆகவே காசு அவள் கட்ட வேண்டியதுதான். கடைக்காரரும் எங்கேயோ கடனுக்குத்தான் சாமான் எடுத்திருப்பார். ஆனால் சிறை? 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க, கடன் அறவிடலுக்கான விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு, கணக்கில் போதிய பணம் இல்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவதைக் குற்றமாக்குகிறது. சிறைக்கும் இடமுண்டு. எங்கள் பார்வையில் அந்தத் 'தெரிந்தே' என்ற சொல்லில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. எழுதின நாளில் கணக்கில் மூவாயிரம் எண்டு அவளுக்குத் தெரியும். திகதிக்கு முன் காசு வரும் எண்டும் அவள் நம்பினாள். அண்ணாவை நம்பினது மோசடி இல்லை. இதையும் பணத்தைச் சுருட்டுறவனையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்லவேணும். கணக்கு வைத்திருக்கிற பெட்டையிட்டத்தான் வீட்டில கேட்பினம். மறுத்தால் "படிச்சதால வந்த திமிர்". சம்மதிச்சால் நல்ல பிள்ளை, செக் திரும்பும் வரைக்கும்.

இப்ப ரியூஷன் குடுத்து மாதம் மாதம் கட்டுறாள். போன கிழமை அண்ணா வீட்டுக் குடிபூரல். மாபிள் நல்ல வடிவாம், போனவை சொல்லிச்சினம்.