'இயற்கை' என்னும் சொல்லும் ஊறுகாய்ச் சாடியும்

இக்காலத்தில் பெங்களூர்க் கடைகளில் எந்த உணவுப் பொருளைக் கையில் எடுத்தாலும், அதன் உறைமீது சில சொற்கள் பெரிய எழுத்தில் மின்னக் காண்கிறோம். 'இயற்கையானது', 'பிரிசர்வேட்டிவ் சேராதது' என்பனவே அச்சொற்கள். ஊறுகாய், ரொட்டி, பழச்சாறு, தோசை மாவு, குழந்தைகளின் தின்பண்டம் ஆகிய யாவும் இவ்விருதைத் தாங்கி நிற்கின்றன. வாங்குவோர் இதற்கெனச் சற்று அதிக விலை கொடுக்கவும் தயங்குவதில்லை. ஆதலின் உணவு செய்வோர் பழைய இரசாயனச் சரக்கை விலக்கிவிட்டு, வினிகரையும், வாசனைத் திரவியங்களின் சாற்றையும், மூலிகைச் சத்தையும், நொதித்த பால் பொருள்களையும் நாடுகின்றனர். இவற்றைச் செய்து விற்பதே ஒரு தனி வாணிபமாக உலகெங்கும் வளர்ந்து வருகிறது.

இவ்வாணிபம் நம் இல்லங்களுக்குப் புறம்பானதன்று. நாம் வாங்குவோர் மட்டுமல்லர், விற்போருமாக இருக்கிறோம். அல்சூரிலும், ஸ்ரீராமபுரத்திலும், கிருஷ்ணராஜபுரத்திலும், புதிதாக எழுந்துள்ள அடுக்குமாடி வீடுகளிலும் நம் சகோதரிகள் பலர் மாவடு, தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, வடகம் முதலியன செய்து, தொலைபேசி வழியே சொல்லி வைப்போருக்கு அனுப்புகின்றனர். 'வீட்டில் செய்தது, இரசாயனம் கலவாதது' என்பதே அவர்களுடைய மூலதனம். பெரிய கம்பெனிகள் இன்று தேடி அலையும் வித்தை அவர்கள் கையில் பரம்பரையாக இருக்கிறது. ஆனால் அவ்வித்தையின் உட்பொருளை அறிந்து செய்கிறோமா, அல்லது அதன் பெயரை மட்டும் விற்கிறோமா என்பதை ஆராய்ந்து பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

உணவு ஏன் கெடுகிறது? முதற் காரணம் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள். ஊறுகாய் பூத்துப் போவதும், குழம்பு ஊசிப் போவதும் அவற்றால் நேர்வன. இரண்டாவது காரணம் காற்று. முறுக்கும் சீடையும் நாளடைவில் சிக்கு வாடை அடிப்பதற்குக் காற்றிலுள்ள பிராணவாயு எண்ணெயைத் தாக்குவதே காரணம். இவ்விரு பகைவர்க்கும் மருந்து வேறு வேறு. இதனை அறியாது, 'இயற்கைச் சரக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டோம், இனி எதுவும் கெடாது' என்று எண்ணுவது பேதைமை.

நம் பாட்டிமார்கள் இந்த நுட்பத்தை ஏட்டில் படிக்கவில்லை. எனினும் அவர்களுடைய செயலில் அது நிறைந்திருந்தது. உப்பு, காயிலுள்ள நீரை வெளியே இழுத்து நுண்ணுயிர்க்குத் தாகம் உண்டாக்குகிறது. புளியும் எலுமிச்சையும் தம் புளிப்பால் அவற்றை ஒடுக்குகின்றன. வெயில் ஈரத்தைப் போக்குகிறது. கடுகின் காரத்திலும் கிராம்பின் மணத்திலும் நுண்ணுயிர்களை அடக்கும் பொருள்கள் இருக்கின்றன. மேலே நிற்கும் நல்லெண்ணெய் காற்றைத் தடுக்கிறது. எள்ளின் எண்ணெயில் எளிதில் சிக்கு ஏறாதபடி காக்கும் சத்துக்கள் இயல்பாகவே அமைந்துள்ளன. இவற்றுள் ஒன்று மட்டும் தனித்து நின்றால் வெற்றி உறுதியன்று. பல சேர்ந்து நிற்பதே காவல். புளியோதரை கட்டுச்சோறாக வெளியூர்ப் பயணத்துக்கு ஈடு கொடுத்ததன் இரகசியம் இதுதான். லோதர் லைஸ்ட்னர் என்னும் ஜெர்மானிய உணவறிஞர் 1970களில் இக்கருத்துக்கு விஞ்ஞான உருவம் கொடுத்து, நுண்ணுயிர் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்ட வேண்டிய வேலிகள் என்று வருணித்தார். ஒரு வேலியை மிக உயரமாக எழுப்புவதைவிட, அளவான வேலிகள் பலவற்றை நாட்டுவது மேல் என்பது அவர் கொள்கை. இன்று இயற்கைப் பொருள்களைக் கொண்டு உணவைக் காப்போர் அனைவரும் பின்பற்றுவது இம்முறையையே.

நம் நாட்டுச் சட்டமும் சமையலறையின் இவ்வறிவை மதித்தது. 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1955இல் எழுந்த விதிகள், உணவைக் கெடாமல் காக்கும் பொருள்களை இரண்டு வகுப்பாகப் பிரித்தன. உப்பு, சர்க்கரை, வாசனைத் திரவியங்கள், வினிகர், தேன், சமையல் எண்ணெய் ஆகியவை முதல் வகுப்பு. இவற்றைச் சேர்ப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை. பென்சாயிக் அமிலம், கந்தகம் சார்ந்த உப்புக்கள், சார்பிக் அமிலம் முதலியவை இரண்டாம் வகுப்பு. இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டதை ஓர் உணவில் சேர்ப்பது பொதுவாகக் கூடாது. சேர்ப்பதற்கும் அளவு உண்டு. 2011ஆம் ஆண்டில் வந்த புதிய விதிகளும் இப்பாகுபாட்டை ஏற்றுக்கொண்டே தொடங்கின.

இதனைப் படித்ததும், முதல் வகுப்பு இயற்கை, இரண்டாம் வகுப்பு செயற்கை என்று சிலர் கருதலாம். உண்மை அவ்வளவு எளிதன்று. 211 என்னும் எண்ணால் உறைகளில் குறிக்கப்படும் சோடியம் பென்சாயேட்டைக் கண்டு பலரும் அஞ்சுகின்றனர். அதன் மூலமான பென்சாயிக் அமிலம் முதன்முதலில் எதிலிருந்து கிடைத்தது தெரியுமா? வெள்ளிக்கிழமைதோறும் நம் வீடுகளில் தணலில் இட்டுப் புகைக்கும் சாம்பிராணி வகையைச் சேர்ந்த மரப்பிசினிலிருந்துதான்! 16ஆம் நூற்றாண்டில் அப்பிசினைச் சூடேற்றி அதனைப் பிரித்தெடுத்தனர். அவ்வமிலத்துக்குப் பெயர் வந்ததும் அப்பிசினாலேயே. இன்று ஆலையில் வேறு வழியில் அதனைச் செய்கிறார்கள் என்பது மட்டுமே வேறுபாடு. இலவங்கப்பட்டையிலும் அது இயல்பாகவே உண்டு.

மறுபுறம் நைசின் என்ற பொருளைப் பாருங்கள். பாலைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர் தானே சுரப்பது அது. ஐக்கிய நாடுகளின் உணவு, சுகாதார நிறுவனங்கள் கூட்டாக அமைத்த நிபுணர் குழு 1969இலேயே அதனை ஏற்றுக்கொண்டது. பிறப்பால் இயற்கையானதே எனினும், நம் விதிகள் அதனை அளவுக் கட்டுப்பாடுள்ள இரண்டாம் வகுப்பிலேயே வைத்தன. மேல்நாடுகளில் சிலர் இறைச்சியைப் பதப்படுத்த நைட்ரைட் உப்புக்குப் பதிலாகச் செலரிக் கீரைப் பொடியைச் சேர்த்து, இயற்கை முறை என்கின்றனர். அக்கீரையில் இயல்பாக உள்ள சத்து, இறுதியில் அதே நைட்ரைட்டாகவே மாறுகிறது. எனவே ஒரு பொருள் எங்குப் பிறந்தது என்று கேட்பதோடு நில்லாது, எவ்வளவு சேர்ந்தது, எதற்காகச் சேர்ந்தது என்றும் கேட்பதே அறிவுடைமை.

இன்னோர் உதாரணம் நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. நீலகிரியில் பயிராகும் ரோஸ்மேரி என்னும் மணச்செடியின் சாற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் உணவில் சேர்க்கும் பொருளாக அங்கீகரித்து, 392 என்னும் எண்ணையும் வழங்கியது. எண்ணெய்ப் பண்டங்கள் சிக்கு ஏறாமல் காப்பதில் அது வல்லது. ஆனால் ஈரமுள்ள தொக்கில் பூஞ்சணம் படராமல் தடுப்பதற்கு அதனை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். கிராம்பு, பூண்டு முதலியவற்றின் சாறுகளுக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. நுண்ணுயிரை முற்றும் அடக்கும் அளவுக்கு அவற்றைச் சேர்த்தால், உணவின் சுவையே மாறிவிடும். குறைத்துச் சேர்த்தாலோ, மணம் நிற்கும், காவல் நில்லாது.

நிற்க. எதனையும் சேர்க்காமலே உணவைக் காக்கும் வழிகளுக்கு நம் கன்னட நாடே சான்று தருகிறது. 1924இல் வேரூன்றிய பெங்களூர் மாவள்ளி டிபன் ரூம்ஸ், 1970களில் நெருக்கடி நிலைக் காலத்தில் உணவு விலைக் கட்டுப்பாட்டால் தொழில் நலிந்தபோது, ரவை இட்லி மாவு முதலிய உலர் கலவைகளைப் பொட்டலமாக விற்கத் தலைப்பட்டது. ஈரமின்மையே அவற்றுக்குக் காவல். பின்னர், 2005ஆம் ஆண்டளவில் இந்நகரில் தொடங்கிய ஐடி பிரெஷ் நிறுவனம் ஈரமான தோசை மாவையே பதப்படுத்தும் பொருள் சேர்க்காமல் விற்றுப் பெருவளர்ச்சி கண்டது. அங்கே காவல் குளிர்ச்சி. ஆலையிலிருந்து கடைவரை, கடையிலிருந்து நம் குளிர்ப்பெட்டிவரை அக்குளிர்ச்சி அறுபடாமல் வர வேண்டும். வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்த மாவுப் பொட்டலத்துக்கு உறைமீதுள்ள தேதி துணை செய்யாது.

இத்துறையின் தாய்நிலையம் நமக்குப் பக்கத்திலேயே மைசூரில் இருக்கிறது. மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் செலுவாம்பா மாளிகையில் திறக்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன், அதற்குமுன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றியவர். பின்னாளில் தஞ்சைத் தரணியில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்கு வித்திட்டவரும் அவரே. அவ்வித்தே இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிலையமாக வளர்ந்து நிற்கிறது. இவ்விரு நிலையங்களும் சிறு தொழில் செய்வோருக்குப் பயிற்சி அளிக்கின்றன. தொழிலாக இறங்கும் நம் சகோதரிகள் இவ்வாய்ப்பை நழுவ விடலாகாது.

பயிற்சி எதற்கு, பாட்டி சொன்ன பக்குவம் போதாதா என்று கேட்கலாம். பாட்டியின் பக்குவம் பாட்டியின் ஊருக்கு ஏற்றது. சேலத்திலும் மதுரையிலும் காய்ந்த வெயில் வேறு. கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரின் வெயில் வேறு. இங்கே சித்திரை பிறந்ததும் மாலை மழை எட்டிப் பார்க்கிறது. ஆனி, ஆடியில் வானம் மூடிக் கிடக்கிறது. மொட்டை மாடியில்லாத வீட்டின் தாழ்வாரத்தில் காயும் வடாம், மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். அதோடு, இரத்தக் கொதிப்புக்கு அஞ்சி உப்பைக் குறைக்கிறோம். உடல் பருமனுக்கு அஞ்சி எண்ணெயைக் குறைக்கிறோம். குறைப்பது உடலுக்கு நன்றே. ஆனால் வேலிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, பாட்டி காலத்து ஊறுகாயைப் போல ஓர் ஆண்டு நிற்கும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்? உப்புநீரில் இடும் ஊறுகாய்க்கு உப்பு நூற்றுக்கு 12 பங்குக்குக் குறையலாகாது என்றும், எண்ணெய் ஊறுகாயில் துண்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்க வேண்டும் என்றும் 2011ஆம் ஆண்டு விதிகள் கூறியது வீணுக்கன்று.

பிழை நேர்ந்தால் விளைவு கடுமையானது. 1985இல் கனடா நாட்டு வான்கூவர் நகரில் ஓர் உணவு விடுதியில் உண்டவர்களுள் 36 பேர் பாட்டுலிசம் என்னும் கொடிய நஞ்சால் தாக்குண்டனர். காரணம், எண்ணெயில் இட்டுக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் விட்ட நறுக்கிய பூண்டு! பூண்டும் இயற்கை, எண்ணெயும் இயற்கை. நஞ்சைச் சுரந்த நுண்ணுயிரும் மண்ணில் இயற்கையாக வாழ்வதே. காற்றில்லாத இடத்தில், போதிய புளிப்பும் இல்லையாயின் அது செழிக்கும். அமிலமானியில் 4.6க்குக் கீழே புளிப்பு நின்றால் அது வளராது. இக்காரணத்தாலேயே பூண்டு ஊறுகாயில் எலுமிச்சை, புளி அல்லது வினிகரின் அளவு சிறிதும் குறையலாகாது. தேனுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். முதல் வகுப்பில் வைக்கப்பெற்ற தேனில் அந்நுண்ணுயிரின் வித்துக்கள் உறங்கிக் கிடக்கக் கூடும். பெரியோரை அவை ஒன்றும் செய்யா. ஓராண்டு நிரம்பாத குழந்தையின் குடலிலோ அவை முளைத்து நஞ்சாகும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கமுள்ள தாய்மார்கள் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி, வாங்குவோர் செய்யத் தக்கது யாது? உறையின் முகப்பிலுள்ள பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்புறத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். எடையில் மிகுந்ததிலிருந்து குறைந்ததுவரை சேர்மானங்கள் அங்கே வரிசையாக இருக்கும். ஆஸ்துமா உள்ளோர் 220 முதல் 228 வரையுள்ள எண்களைக் கவனிப்பது நலம். அவை கந்தகம் சார்ந்தவை. 'இயற்கை' என்னும் சொல்லை மனம்போல வழங்கக் கூடாது என்று 2018ஆம் ஆண்டின் விளம்பர விதிகள் வரையறுத்துள்ளன. வேறு எதுவும் சேராத தனிப்பொருளுக்கே அச்சொல் உரியது. பல பொருள் கலந்த உணவை 'இயற்கைப் பொருள்களால் ஆனது' என்று மட்டுமே சொல்லலாம். அதுவும் கலந்தவை அனைத்தும் அத்தகையனவாக இருந்தால்தான்.

விற்கும் சகோதரிகளுக்கும் சில சொல்வோம். எவ்வளவு சிறிய தொழிலாயினும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். கைப்பிடியால் அளக்காமல் தராசால் அளந்து, ஒவ்வொரு முறை செய்ததையும் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சிறு சாடியை விற்காமல் நிறுத்தி வைத்து, அது எத்தனை நாள் நிற்கிறது என்று பாருங்கள். புளிப்பை அளக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. அது வீண் செலவன்று. பத்து நாளே தாங்கும் தொக்குக்குப் பத்து நாள் என்றே எழுதுங்கள். 'குளிரில் வைக்கவும்' என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். குறைந்த நாளை உண்மையாகச் சொல்லும் கையிடம் வாடிக்கை நிலைத்து நிற்கும்.

இயற்கைப் பதப்பொருளின் சந்தை வளர்வது நமக்கு மகிழ்ச்சியே. நம் பாட்டிமார்களின் உப்புக்கும் புளிக்கும் நல்லெண்ணெய்க்கும் உலகம் இன்று விலை பேசுகிறது. ஆயினும் ஊறுகாய்ச் சாடியைக் காப்பது 'இயற்கை' என்னும் சொல்லன்று. அளவும், சுத்தமும், பொறுமையுமே. புலம்பெயர்ந்து வந்த நாம் சாடியை மட்டும் சுமந்து வந்து, அந்த அளவை ஊரிலேயே விட்டுவிடலாகாது.