முழங்கையால் வாசித்த வித்வான்

பியானோவை விரல்களால் வாசிப்பதுதான் உலக வழக்கம். ஒரு மனிதர் மேடையில் வந்து உட்கார்ந்து, முழங்கை முதல் விரல் நுனி வரையில் கையைக் கட்டைகளின்மேல் படுக்க வைத்து அழுத்தினால், சபையோர் என்ன நினைப்பார்கள்? "ஐயோ பாவம், மயக்கம் போலிருக்கிறது!" என்று முன்வரிசைக்காரர்கள் எழுந்து ஓட மாட்டார்களா? அமெரிக்கரான ஹென்ரி கௌவெல் அப்படித்தான் வாசித்தார். மயக்கமும் இல்லை, மதிமயக்கமும் இல்லை. எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டை வரையில் கை விழ வேண்டும் என்று ஸ்வரக் குறிப்பிலேயே திட்டமாக எழுதி வைத்திருந்தார்.

இதிலுள்ள சூக்ஷ்மம் சங்கீதம் அறிந்த நம் நேயர்களுக்கு எளிதில் விளங்கும். நம் பாட்டில் ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரம்தான். மேனாட்டார் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பார்கள். ஆனால் ஸ, க, ப என்று ஒன்று விட்டு ஒன்றாகப் பொறுக்கி எடுப்பதே அவர்களுடைய சம்பிரதாயம். கௌவெல் அந்த இடைவெளிகளையும் நிரப்பி, அடுத்தடுத்துள்ள ஸ்வரங்களை எல்லாம் ஒரே வீச்சில் ஒலிக்கச் செய்தார். அடி ஸ்தாயியில் மெதுவாக அழுத்தினால், தூரத்திலே கடல் புரளுவது போன்ற ஒரு முழக்கம் எழுகிறது. 1925-ல் இயற்றிய 'பான்ஷீ' என்ற உருப்படியிலோ கட்டைகளையே அவர் தொடவில்லை. ஒருவர் உட்கார்ந்து மிதிகட்டையை அழுத்திக்கொண்டிருக்க, வித்வான் நின்றபடி பியானோவுக்குள் கையை விட்டுத் தந்திகளைத் தேய்க்கிறார். சாவு வருமுன் ஓலமிடும் ஐரிஷ் கதைப் பேயின் பெயர்தான் பான்ஷீ. இரவில் தனியாக இருக்கும்போது அதைக் கேட்க வேண்டாம் என்பது நம்முடைய யோசனை.

பத்திரிகைகள் கேலி செய்தன. குத்துச்சண்டை என்றே வர்ணித்தன. ஹங்கேரி தேசத்து மகா வித்வான் பேலா பார்ட்டோக் மட்டும், அந்த முறையைத் தாமும் கையாள விரும்பி, கௌவெலிடம் அனுமதி கேட்டார். நம் வித்வான்களில் எத்தனை பேர் இப்படி அனுமதி கேட்கிறார்கள் என்ற வம்புக்கு நாம் போகவில்லை.

கௌவெல் 1897-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், வீட்டில் வறுமை, பள்ளிப் படிப்பு சொற்பம். காட்டுச் செடிகளைப் பறித்து விற்றுக் காசு சம்பாதித்த பையன் அவர். பிற்காலத்தில், தம் உருப்படிகளைக் காட்டிலும் பிறருடைய உருப்படிகளைப் பிரசுரிப்பதிலேயே அதிகச் சிரத்தை காட்டினார். 1927-ல் அதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். யாரும் சீந்தாதிருந்த சார்லஸ் ஐவ்ஸின் ஸிம்பனிப் பகுதியொன்று அதிலேதான் அச்சேறியது.

நமக்கு அவர்மேல் தனி அபிமானம் பிறப்பதற்குக் காரணம் வேறு. 1931-ல், ஐரோப்பா முழுவதும் பெயர் பரவியிருந்த நிலையில், அவர் பெர்லினுக்குச் சென்று மாணாக்கராக உட்கார்ந்தார். அங்கே அவருக்குக் கர்நாடக சங்கீதத்தின் இலக்கணத்தைக் கற்பித்தவர், பின்னர் சென்னைச் சர்வகலாசாலையில் சங்கீதத் துறைத் தலைவராக விளங்கிய நம் பி. சாம்பமூர்த்திதான்! பழைய சம்பிரதாயத்தை உடைத்தவர் என்று பெயர் வாங்கியவர், நம்முடைய பழைய சம்பிரதாயத்தின் முன்னால் நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்திருந்தார்.

1936-ல் பெரிய இடி விழுந்தது. அக்காலத்து ஒழுக்கச் சட்டத்தின் கீழ் அவருக்குச் சிறைவாசம் விதிக்கப்பட்டது. ஸான் குவென்டின் சிறையில் நான்கு ஆண்டுகள். அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. கைதிகளுக்குச் சங்கீதம் கற்பித்தார், வாத்திய கோஷ்டி நடத்தினார், நிறைய இயற்றினார். 1940-ல் விடுதலை, 1942-ல் மன்னிப்பு. சிறைப்பட்ட காலத்தில் ஐவ்ஸே அவரை ஒதுக்கிவிட்டார். பிறகு சமாதானம் ஆயிற்று. அந்த ஐவ்ஸின் வாழ்க்கை வரலாற்றைத் தம் மனைவி ஸிட்னியுடன் சேர்ந்து எழுதி, 1955-ல் வெளியிட்டவரும் கௌவெல்தான்.

அதற்கு அடுத்த ஆண்டு அவர் கீழ்நாடுகளுக்கு யாத்திரை புறப்பட்டார். பெர்லினில் இலக்கணமாகக் கற்றதைச் சென்னைக்கு வந்து காதாலேயே கேட்டார். அதன் பயனாகப் பிறந்த பதின்மூன்றாவது ஸிம்பனிக்கு 'மெட்ராஸ்' என்றே பெயர் வைத்தார். 1959-ல், நியூயார்க் வாத்திய கோஷ்டி ஒன்று சென்னைக்கே வந்து அதை முதன்முதலாக வாசித்தது. பிடில்களுக்கும் புல்லாங்குழலுக்கும் நடுவே ஜலதரங்கமும் தபலாவும் ஒலித்தன. சென்னையின் பெயரை வைத்துவிட்டு மிருதங்கத்தை விட்டுவிட்டாரே என்று நமக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். சாம்பமூர்த்தி அதைப் பற்றி அவரிடம் ஏதாவது சொல்லியிருக்க மாட்டாரா?