ஸ்டீயரிங் ஆடினால் முதலில் டயரைப் பாருங்கள்

பதினைந்து வருடம் ஓடிய மாருதி 800 ஊருக்குள் ஒழுங்காகத்தான் போகும். நான்குவழிச் சாலையில் ஏறி 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் வெடவெடவென்று ஆடும். பட்டறைக்குப் போனால் உடனே, "சஸ்பென்ஷனையே மாத்திடலாம் சார்" என்பார்கள். தலையாட்டிவிடாதீர்கள். கோளாறு எதுவென்று தெரியாமல் பாகங்களை மாற்றுவது காசுக்கும் கேடு, உயிருக்கும் ஆபத்து. எப்போது ஆடுகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆடி, அதைத் தாண்டியதும் அடங்கினால் பெரும்பாலும் வீல் பேலன்ஸிங் கோளாறுதான். ரிம்மில் மாட்டிய சிறு எடைக்கட்டி ஒன்று விழுந்திருந்தாலே போதும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது அதிகமானால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயிண்ட். ஸ்டீயரிங்கை விட சீட் அதிகமாக அதிர்ந்தால் பின்சக்கரம். அலைன்மென்ட் பார்த்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வண்டி ஒருபக்கம் இழுத்தாலோ டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தாலோதான் அது உதவும். டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டுக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 3216 என்றிருந்தால், அது 2016-இன் 32-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் உள்ளே அடுக்கு பிரிந்து வீங்கியிருக்கலாம். பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங், பால் ஜாயிண்ட் தேய்மானம் தெரியும். இடமும் வலமும் அசைத்தால் டை ராட் எண்ட். இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்காத மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.