பழைய கணினியைத் தூக்கிப் போடுமுன்...

லிங்கியில் ஒரு தோட்டக் குடியிருப்பு. அங்குள்ள பிள்ளைகள் பங்கிட்டுப் பயன்படுத்தும் கணினி, யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய விண்டோஸ் 7 கணினி. நான்காம் படிவ மாணவர் ஒருவர், தனி ஊசல் சோதனையின் அளவுகளை வரைபடமாக்க அதில் லிப்ரே ஆபிஸ் மென்பொருளைப் பதிக்க முயன்றார். ஏறவில்லை. "சார், இது இனிமே ஆகாது. தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

கோளாறு கணினியில் இல்லை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த லிப்ரே ஆபிஸ் 25.8, விண்டோஸ் 7, 8 ஆகியவற்றில் இயங்காது. அதற்கு முந்தைய 25.2 இயங்கும். எக்ஸ்பி கணினியா? அதற்கு 5.4 இருக்கிறது.

திறந்த மூல மென்பொருளின் பெரும் நன்மை இதுதான். அதைப் படியெடுத்து வைக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமமே அனுமதிக்கிறது. லிப்ரே ஆபிஸை வெளியிடும் அறக்கட்டளை, 2011இல் வந்த 3.3 முதற்கொண்டு பழைய பதிப்புகளைத் தன் காப்பகத்தில் வைத்திருக்கிறது. விஎல்சி, கிம்ப் போன்றவற்றுக்கும் இத்தகைய காப்பகங்கள் உண்டு. கணினி 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து, அதற்குரிய கோப்பை எடுக்க வேண்டும்.

நம் மாணவர் செய்தது வேறு. தேடலில் முதலில் வந்த ஏதோ ஒரு தளத்தைச் சொடுக்கினார். கூடவே விளம்பர நிரல்களும் வந்து ஒட்டிக்கொண்டன. அவற்றை நீக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று.

உருவாக்கியவரின் தளத்திலிருந்தே எடுத்தாலும் சரிபார்ப்பது நல்லது. 2017 மே மாதம், ஹேண்ட்பிரேக் என்ற காணொளி மென்பொருளின் பதிவிறக்க வழங்கி ஒன்றில் ஊடுருவியவர்கள், மேக் கணினிக்கான கோப்பை மாற்றித் தீநிரலை வைத்தார்கள். இதைக் கண்டுபிடிக்க உதவுவது சரிபார்ப்பு எண். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். தளத்தில் வெளியிட்ட எண்ணும் நம் கணினி கணக்கிட்ட எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

பழைய பதிப்பில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். பின்னாளில் கண்டறிந்த பாதுகாப்பு ஓட்டைகள் அதில் அடைபட்டிருக்காது. விண்டோஸ் 7க்கான பொது ஆதரவும் 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. ஆகவே அக்கணினியை இணையத்தில் இணைக்காமல் பாடவேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு, கடவுச்சொல் எதையும் அதில் தொடக்கூடாது.

இவற்றையெல்லாம் அறிவியல் பாடத்திலேயே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. சோதனை அறிக்கையில் நூலின் நீளத்தைக் குறிக்கும் மாணவர், கணக்கிட்ட மென்பொருளின் பதிப்பு எண்ணையும் குறிக்கட்டும். சோதனையை இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்ய அதுவும் தேவைதானே?

வேறொரு கணினியில் 25.2ஐ இறக்கி, எண்ணைச் சரிபார்த்து, பென்டிரைவில் கொண்டுபோய்ப் பதித்தோம். அலைவு நேரத்தின் வர்க்கத்துக்கும் நீளத்துக்குமான நேர்கோடு திரையில் விழுந்தது. தூக்கிப் போட இருந்த கணினி வரைந்த கோடு அது. புதிய கணினி வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த விவரம் தெரிந்திருப்பது சிறிய காரியமல்ல.