சிறிய படையின் பெரிய கணக்கு



நம் தமிழ்ப்பள்ளிகளை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற மாணவர் சிலர், விடுமுறை நாள்களில் கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு மேசையைச் சுற்றி நின்று மணிக்கணக்கில் விளையாடுகிறார்கள். ஆசிரியர் என்ற முறையில் எனக்கு இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால், பெற்றோர் என்னிடம் கொண்டுவருவது வேறு. "ஒரு பெட்டிப் பொம்மைக்குச் சில நூறு ரிங்கிட் கேட்கிறான் சார். கேட்டால், இந்தப் படைதான் போட்டியில் ஜெயிக்கிறது என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?" இந்தக் கேள்விக்கு வெறுமனே ஆம் என்றோ இல்லை என்றோ விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில், அவர்கள் விளையாடுவது என்ன என்று பார்ப்போம். வார்ஹேமர் 40,000 என்பது மேசைமீது ஆடும் போர் விளையாட்டு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-இல் இதனை வெளியிட்டது. விதிகளை வகுத்தவர் ரிக் பிரீஸ்ட்லி. நெகிழியால் ஆன சிறு உருவங்களைத் துண்டு துண்டாக வாங்கி, ஒட்டி, வண்ணம் பூசி, 60 அங்குல நீளமும் 44 அங்குல அகலமும் கொண்ட களத்தில் நிறுத்துவார்கள். அளவு நாடாவால் தூரம் அளந்து நகர்த்துவார்கள். சுட்டது பட்டதா, பட்டது துளைத்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். இந்த வகை விளையாட்டு புதிதன்று. 1824-இல் பிரஷ்யப் படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தர ரைஸ்விட்ஸ் என்பவர் இத்தகைய ஆட்டத்தை அமைத்துக் கொடுத்தார். அறிவியல் கதைகளால் நாம் அறிந்த எச். ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மை வீரர்களை வைத்து ஆடுவதற்கென்றே ஒரு விதிநூல் எழுதினார்.

ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. போட்டி ஆட்டங்களில் பொதுவாக ஆளுக்கு 2000 புள்ளி. அந்த வரம்புக்குள் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று எழுதும் பட்டியலே படை. மாதச் சம்பளத்துக்குள் வீட்டுச் செலவை அடக்கத் தெரிந்த எந்தத் தாய்க்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் 'உயர்நிலைப் படை' என்ற ஆசை நுழைகிறது. மலிவான வீரர் நூறு பேரைக் குவிக்கலாம்; விலையுயர்ந்த வீரர் முப்பது, நாற்பது பேரோடும் நிறுத்திக்கொள்ளலாம். அடெப்டஸ் கஸ்டோடிஸ் என்னும் பொற்கவசக் காவலர் படை இரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பெற்றோருக்கும் இது பிடித்துப்போகிறது. பெட்டிகள் குறைவு, வண்ணம் குறைவு, அலமாரியில் இடமும் குறைவாகப் போதும்! பிள்ளைக்கோ, ஒருவனே பத்துப் பேரை வீழ்த்தும் வீரன் கையில் கிடைத்த பெருமிதம்.

பெருமிதத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 2023-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பின் விதிகளைக் கொண்டே கணக்கிடுவோம். எதிரில் நிற்பவன் சாதாரணப் படையாள். அவனுக்குச் சிறப்பு ஆணை எதுவும் இல்லை. அவன் சுடும் குண்டு குறியில் பட இரண்டில் ஒரு வாய்ப்பு. பட்டது காவலரைக் காயப்படுத்த ஆறில் ஒரு வாய்ப்பு. காயம் கவசத்தைத் தாண்ட மீண்டும் ஆறில் ஒரு வாய்ப்பு. மூன்றையும் பெருக்கினால் 72-இல் ஒன்று. காவலர் ஒருவர் மூன்று காயம் தாங்குவார். ஆக, ஒரே ஒரு காவலரை வீழ்த்தச் சராசரியாக 216 குண்டுகள் வேண்டும். படிவம் இரண்டில் 'கெபாராங்காலியான்' என்ற பெயரில் இதே பாடம் வருகிறது. நாம் நிகழ்தகவு என்கிறோம். பயிற்சிநூலில் பையிலிருந்து சிவப்புக் கோலி எடுக்கும் கணக்கைப் பார்த்துக் கொட்டாவி விடும் பையன், இந்த 216-ஐத் தானாகவே போட்டுப் பார்க்கிறான்.

ஆனால், எல்லாத் துப்பாக்கியும் ஒன்றல்லவே. கவச வண்டிகளைத் துளைப்பதற்கென்றே உள்ள லாஸ்கேனன் என்னும் பீரங்கி எதிரே இருந்தால் கணக்குத் தலைகீழாகிறது. மூன்றில் இரண்டு முறை குறி தவறாத வீரன் அதை இயக்கினால், ஒரே குண்டில் காவலர் ஒருவர் விழுவதற்கான வாய்ப்பு 108-இல் 25. ஏறத்தாழ நான்கில் ஒன்று. சிறு துப்பாக்கிக்கு 216 குண்டுகள், இதற்கு நான்கைந்து. எனவே அனுபவமுள்ள எதிராளி தன் படையாட்களைக் கொண்டு காவலர்களைச் சுட்டு நேரத்தை வீணாக்க மாட்டான். பீரங்கிகளை மட்டும் அவர்கள்பக்கம் திருப்புவான்.

இன்னொன்றும் உண்டு. நூறு வீரர் உள்ள படையில் பகடையின் ஏற்ற இறக்கம் தன்னால் சமப்பட்டுவிடும். பத்துப் பேர் விழுந்தாலும் தொண்ணூறு பேர் நிற்பார்கள். சிறிய படைக்கு அந்த மெத்தை கிடையாது. காயப்படுத்திவிட்ட மூன்று பீரங்கிக் குண்டுகளைக் காவலர்கள் இரண்டில் ஒரு வாய்ப்புள்ள காப்புப் பகடையால் தடுக்க வேண்டும். மூன்றும் தவறுவதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டில் ஒன்று என்பது அரிதன்று. ஒரே ஆட்டத்திலேயே வந்துவிடக்கூடியது. அப்படி வந்தால் ஐந்து பேர் கொண்ட அணியில் பாதிக்குமேல் நொடியில் போய்விடும். பையன் பகடையைத் திட்டுவான். பகடைமேல் குற்றமில்லை. அவன் ஏற்றுக்கொண்ட படையின் இயல்பு அது.

இதைவிட முக்கியமான ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தில் வெற்றி, எத்தனை பேரை வீழ்த்தினோம் என்பதில் இல்லை. களத்தில் குறிக்கப்பட்ட இடங்கள் இருக்கும், பெரும்பாலும் ஐந்து. ஐந்து சுற்றுகளில் அந்த இடங்களை யார் பிடித்து நிற்கிறார் என்பதற்கே பெரும்பங்கு புள்ளி. பத்தாம் பதிப்பின் போட்டி ஆட்டங்களில் இதற்கு 50 வரை கொடுத்தார்கள். அவ்வப்போது வரும் துணைப்பணிகளுக்கு 40. முழுப் படைக்கும் வண்ணம் பூசிவந்தால் 10. (கையெழுத்துக்கும் தூய்மைக்கும் மதிப்பெண் தந்த பழைய ஆசிரியர்கள் இதைக் கேட்டு மகிழ்வார்கள்.) இடத்தைப் பிடிப்பதற்கு ஒவ்வொரு வீரனுக்கும் ஓர் எண் உண்டு. பொற்கவசக் காவலருக்கு 2. எதிரிலுள்ள சாதாரணப் படையாளுக்கும் அதே 2தான்! ஐந்து காவலர் சேர்ந்தால் 10. அவர்களைவிடக் குறைந்த புள்ளியே ஆகும் பத்துப் படையாட்கள் வந்து நின்றால் 20. அவர்களை முதலில் வெட்டி வீழ்த்தினாலொழிய இடம் அவர்களுக்கே. ஓரிடத்தில் வெட்டிக்கொண்டிருக்கும்போது மற்ற நான்கு இடங்களில் யார் நிற்பது?

இங்கிலாந்துப் பொறியியலாளர் லான்செஸ்டர் 1916-இல் வெளியிட்ட நூலில் போரைச் சமன்பாடாக்கிக் காட்டினார். இருபுறமும் குறிபார்த்துச் சுடும் போரில் ஒரு படையின் வலிமை, எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. ஆறு மடங்கு கூட்டத்தை ஒரு சிறுபடை எதிர்க்க வேண்டுமானால் அதன் வீரன் ஒவ்வொருவனும் முப்பத்தாறு மடங்கு திறமையுடையவனாக இருக்க வேண்டும். ஆனால், ஒருவருக்கொருவர் எதிர்நின்று மோதும் குறுகலான போரில் வர்க்கம் மறைந்துவிடும். ஆறு மடங்குத் திறமை போதும். சிறிய படையை ஆடும் கலை முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது என்பேன். திறந்த வெளியில் அனைவர் பார்வைக்கும் தெரியும்படி நின்றால் வர்க்கம் உங்களை விழுங்கும். இடிந்த கட்டடங்களின் மறைவில் நகர்ந்து, எதிரியின் ஒரு பகுதி மட்டுமே காணும் இடத்தில் மோதினால் எண்ணிக்கை பயனற்றுப்போகும்.

ஆகவே, நல்ல உயர்நிலைப் படையை எழுதுபவன் உயர்ந்த வீரர்களை மட்டுமே எழுதுவதில்லை. காவலர் படையில் 'மௌனச் சகோதரியர்' என்று ஒரு பிரிவினர் உண்டு. நான்கு பேர் கொண்ட ஓர் அணியைக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம். அவர்களால் பெரிதாக யாரையும் வீழ்த்த முடியாது. ஆனால், பின்களத்திலுள்ள இடத்தைக் காப்பதும், மூலைக்கு ஓடித் துணைப்பணியை முடிப்பதும் அவர்களால் முடியும். அந்த வேலைக்கு ஐந்து காவலரை அனுப்புவது, மதிப்பெண் பட்டியலைத் தட்டச்சு செய்யத் தலைமையாசிரியரை உட்காரவைப்பது போன்றது. எளிய அணி இரண்டோ மூன்றோ இல்லாத பட்டியலை ஒரு பையன் காட்டினால், அவன் உருவங்களின் அழகைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்று உடனே சொல்லிவிடலாம்.

வானிலிருந்து இறங்கித் தாக்கும் அணிகள் பற்றியும் ஒரு சொல். இளையோருக்கு இதில் மோகம் மிகுதி. பத்தாம் பதிப்பின் விதிப்படி, அவ்வாறு இறங்குபவர் எதிரியிடமிருந்து 9 அங்குலத்துக்கு அப்பால்தான் இறங்க முடியும். பாய்ந்து மோத இரண்டு பகடைகளில் 9 அல்லது அதற்குமேல் விழ வேண்டும். வாய்ப்பு 36-இல் 10. ஒருமுறை திரும்ப உருட்டும் உரிமையைச் செலவழித்தாலும் நூற்றுக்கு 48-ஐத் தொடாது. விலைமிக்க அணியைப் பாதிக்கும் குறைவான வாய்ப்பின்மேல் வைப்பது திட்டமாகாது. அவர்களைக் காலியான மூலையில் இறக்கி இடம்பிடிக்கவைப்பதே பெரும்பாலும் மேல்.

இனி, பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். சிறிய படையைப் பிள்ளை விரும்பினால் தடுக்காதீர்கள். ஆனால், 'இதுதான் ஜெயிக்கிறது' என்ற காரணத்துக்காக வாங்காதீர்கள். இணையத்தில் போட்டி வென்றவரின் பட்டியல்கள் கொட்டிக்கிடக்கின்றன. அதை அப்படியே படியெடுத்து வருவது, விடைத்தாளைப் பார்த்து எழுதுவதற்கு ஒப்பாகும். மேலும், வெற்றி தரும் படை என்பது நிலையான ஒன்றன்று. நிறுவனம் புள்ளி விலைகளை ஆண்டுக்குப் பலமுறை மாற்றுகிறது. 2023-இல் பத்தாம் பதிப்பு வந்த தொடக்கத்தில் இந்தக் காவலர் படை மிக வலிமையானதாகப் பேசப்பட்டது. பின்னர் அதன் விலைகள் ஏற்றப்பட்டன. 2024-இல் அதற்கெனத் தனி விதிநூல் வந்தபோது, படை மெலிந்துவிட்டது என்று ஆட்டக்காரர் பலர் மனம் குமுறினார்கள். உச்சத்தில் இருந்தபோது சில நூறு ரிங்கிட்டுக்குப் பெட்டி பெட்டியாக வாங்கியவருக்கு எப்படி இருந்திருக்கும்? தானே கணக்குப்போட்டுப் பட்டியல் எழுதிய பிள்ளைக்கு விலை மாறினால் அது புதிய கணக்கு. படியெடுத்த பிள்ளைக்கோ அது புதிய பெட்டி; தந்தைக்குப் புதிய செலவு.

இதில் நிறுவனத்தை மட்டும் குறைசொல்வதற்கில்லை. வணிகம் வணிகமாகத்தான் நடக்கும். ஒரே பெட்டியிலுள்ள உருவங்களை மட்டும் கொண்டு ஆடும் 'காம்பாட் பேட்ரோல்' என்ற சிறு ஆட்டமுறையையும் அவர்களே வகுத்திருக்கிறார்கள். அதில் தொடங்கலாம். அடுத்து 1000 புள்ளி. 2000-க்கு விரைய வேண்டிய அவசியமே இல்லை. நண்பர்களுக்குள் ஆடும்போது அட்டைத்துண்டில் பெயரெழுதி வைத்துப் பட்டியலைச் சோதிக்கலாம். நான்கு ஆட்டம் அட்டையோடு ஆடிய பிறகும் ஆசை நிலைத்திருந்தால் அதன்பின் வாங்கலாம். இதற்கு மறுப்புச் சொல்லும் பிள்ளைக்கு உருவம்தான் வேண்டும், ஆட்டம் வேண்டாம். அதுவும் தவறில்லை, வண்ணம் பூசுவதே ஒரு கலைதான். ஆனால், அதற்கு ஒரு பெட்டி போதுமே!

ஆசிரிய நண்பர்களிடமும் ஒரு குறை உண்டு. சதுரங்கம் என்றால் போட்டிக்கு அழைத்துச் செல்கிறோம், சான்றிதழ் தருகிறோம். இது என்றால் 'பொம்மை விளையாட்டு' என்று முகம் சுளிக்கிறோம். சதுரங்கத்தில் இருவருக்கும் சமமான காய்கள். யாரை அழைத்துவருவது என்ற முடிவே அங்கில்லை. இங்கே ஆட்டம் தொடங்குமுன் பாதி ஆட்டம் தாளில் நடந்துவிடுகிறது. போர், ரத்தம் என்று அஞ்சுவோருக்கும் ஒரு விடை சொல்ல வேண்டும். அந்தக் கதையுலகம் கொடியதுதான். பொற்கவசக் காவலர்கள் காப்பது ஒரு கொடுங்கோல் பேரரசை. அது போற்றுவதற்கன்று, எள்ளலுக்காகப் படைக்கப்பட்டது என்று நிறுவனமே 2021-இல் வெளிப்படையாக அறிவித்தது. பிள்ளைக்கு அந்த எள்ளல் புரிகிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டுவிடுவது நல்லது. பதின்மூன்று வயதில் எல்லாருக்கும் புரிந்துவிடுவதில்லை.

அடுத்தமுறை பையன் பெட்டி கேட்கும்போது ஒரு வெள்ளைத்தாளைக் கொடுங்கள். களத்தை வரையச் சொல்லுங்கள். ஐந்து இடங்களையும் குறிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் சுற்றில் தன் படையில் பாதி விழுந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, மீதிப் பேர் எந்தெந்த இடத்தில் நிற்பார்கள், எந்த இடத்தை எதிரிக்கு விட்டுக்கொடுப்பான் என்று எழுதச் சொல்லுங்கள். ஐந்தையும் பிடிப்பேன் என்று எழுதினால் பணப்பையைத் திறக்க வேண்டாம். இரண்டை விட்டுவிட்டு மூன்றைக் காப்பேன் என்று எழுதி, ஏன் அந்த மூன்று என்பதற்கும் காரணம் சொன்னால், கடைக்கு அவனோடு நீங்களும் போய்வாருங்கள்.